மரத்திற்கேற்ற எண்ணெய்

(திண்டுக்கல்லில் நடைபெற்ற சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமன்று, இலக்கணமுமன்று. கையால் இழைத்துச் செய்த மரச் சாமான்களுக்கு எண்ணெய் பூசி மெருகிடும் முறையைப்பற்றிச் சில சொல்லப் புகுகின்றேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று பின்வரிசையிற் சிலர் புன்னகை செய்வது இங்கிருந்தே தெரிகின்றது. எந்தையார் தச்சர். இழைப்புளியின் ஓசைக்கு நடுவே, மரச்சுருள் குவியலின்மேல் அமர்ந்தே யான் நன்னூற் சூத்திரங்களை நெட்டுருச் செய்தேன். உளி பிடிக்கும் கை எனக்கு வாய்க்கவில்லையாயினும், உளி பிடித்தவர்க்கு வரும் பழி இன்னதென்பது எனக்குத் தெரியும். அப்பழிகளுள் ஒன்றைக் குறித்தே இன்று பேசுகின்றேன்.

சென்ற ஆண்டு நம் ஊர்ப்புறத்தே நிகழ்ந்த ஒரு வழக்கை முதலிற் கூறுவேன். பெயர்கள் வேண்டா. ஒரு தச்சர் வாகை மரத்தில் ஆறு நாற்காலிகள் செய்து கொடுத்தார். கால்கள் ஓரச்சில் வார்த்தாற்போன்றவை. பொருத்துவாய்களில் மயிரிழை நுழையாது. வீட்டுக்காரர், “வார்னிஷ் முதலிய இரசாயனங்கள் நமக்கு வேண்டா, செக்கிலாட்டிய கடலையெண்ணெய் வீட்டிலேயே இருக்கின்றது, அதனைப் பூசிவிடுங்கள்” என்றார். தச்சரும் அவ்வாறே செய்தார். இருபது நாள் வரையில் நாற்காலிகள் மின்னின. அதன்பின் அவற்றின்மேல் தூசி படிந்தது. துடைத்தால் தூசி போகாமற் சேறாயிற்று. தீபாவளிக்கு வந்த விருந்தினர் எழுந்தபோது வேட்டியில் நாற்காலியின் வடிவம் பதிந்திருந்தது. சிக்கு நாற்றமும் எழுந்தது. வீட்டுக்காரர் மீதிக் கூலியை நிறுத்திக்கொண்டதோடு, அத்தச்சருக்கு வேலை தெரியாதென்று கடைவீதியிலும் சொல்லித் திரிந்தார். அவ்வாண்டுத் தை மாதத்தில் அத்தச்சருக்கு வரவிருந்த இரண்டு வேலைகள் வேறிடம் சென்றன. ஆறு நாற்காலிகளில் ஒன்றேனும் இன்றுவரை ஆடவில்லை என்பது வேறு செய்தி.

இதிற் குற்றம் யாருடையது? எண்ணெயினுடையது என்று சொல்லிவிடலாம். ஆயின் கடலையெண்ணெய் தன் இயல்பிற் சிறிதும் தவறவில்லை. எண்ணெய் என்னும் ஒரு பெயரால் நாம் வழங்குவன யாவும் ஒரே தன்மையின என்று எண்ணியதே பிழை.

எள்ளினின்று எடுக்கும் நெய் எண்ணெய் எனப்பட்டது. பிற்காலத்தே அப்பெயர் விரிந்து, தேங்காய், கடலை, வேம்பு, புன்கு, இலுப்பை, ஆமணக்கு ஆகியவற்றின் நெய்க்கும், நிலத்தடியிலிருந்து இறைக்கும் மண்ணெண்ணெய்க்கும்கூட ஆயிற்று. சொல் ஒன்றாயினமையாற் பொருளும் ஒன்றென மயங்குதல் எளிது. மரத்திற்கு மெருகிடுவோன் கேட்கவேண்டிய முதற்கேள்வி, “இவ்வெண்ணெய் உலருமா, உலராதா?” என்பதே.

எண்ணெய் உலர்வதாவது யாது? ஈரத்துணி உலர்தல் போன்றதன்று அது. துணியிலுள்ள நீர் ஆவியாய்ப் போகின்றது. துணியின் எடை குறைகின்றது. உலரும் எண்ணெயோ காற்றிலுள்ள உயிர்வளியை, அதாவது பிராணவாயுவை, உட்கொண்டு, தன் நுண்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, வலைபோல் இறுகித் தோலாகின்றது. ஆகலின் உலர்ந்தபின் அதன் எடை கூடுமேயன்றிக் குறையாது. ஒரு கண்ணாடித் தகட்டில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசி, நுண்ணிய தராசில் இன்றும் சில நாள் கழித்தும் நிறுத்துப் பார்த்தால் இவ்வுண்மை தெற்றென விளங்கும். இங்ஙனம் பிணையும்போது வெப்பமும் பிறக்கின்றது. அவ்வெப்பத்தைப்பற்றிப் பின்னர்ச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு.

எவ்வெண்ணெய்க்கு இவ்வாறு பிணையும் ஆற்றல் உண்டென்பதை அறிய வேதிநூலார் ஓர் அளவை வைத்திருக்கின்றனர். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கின்றதோ, அவ்வெண்ணே அவ்வெண்ணெயின் அயோடின் மதிப்பு. ஏறத்தாழ 130-க்கு மேற்பட்டவை உலரும். அதற்குச் சற்றுக் கீழுள்ளவை அரைகுறையாய் உலரும். மிகக் குறைந்தவை உலரா. ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 103 முதல் 120 வரை. கடலையெண்ணெய்க்கு 85 முதல் 99 வரை. ஆமணக்கெண்ணெய்க்கு 82 முதல் 90 வரை. தேங்காயெண்ணெய்க்கோ 10-ஐ எட்டுவதே அரிது. இனி, அந்த நாற்காலி வழக்கிற்குத் தீர்ப்பு யான் சொல்லவேண்டுவதில்லை.

எண்ணில் நம்பிக்கையில்லாதவர் ஒரு மரச்செக்கைச் சென்று பார்க்கலாம். அதன் உலக்கை பெரும்பாலும் வாகை மரமே. ஆண்டுக்கணக்காகக் கடலையெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் குளித்து நிற்கும் அவ்வுலக்கையின்மேற் கையை வைத்தால் என்ன தெரிகின்றது? பிசுபிசுப்பு. அரைகுறையாய் இறுகிய எண்ணெயின் அடையாளம் அதுவே. செக்குக்கு அதனாற் கேடில்லை. உட்காரும் நாற்காலிக்கு உண்டு. எண்ணெய் என்னும் பெயருக்கு முதலுரிமை பூண்ட எள்ளின் நெய்யே மரமெருகிற்கு உதவாமற் போவதைச் சொல்லாராய்ச்சி செய்யும் எம்மனோர் சற்று வருத்தத்தோடுதான் ஒப்புக்கொள்ளவேண்டும்.

“முன்னோர் கதவுக்கும் தூணுக்கும் எண்ணெய் தடவினார்களே, அவர்கள் அறியாதவரா?” என்று கேட்பீர்கள். அறியாதவரல்லர். அவர்கள் வேம்பு, புன்கு, இலுப்பை ஆகியவற்றின் எண்ணெயைப் பூசியது பளபளப்புக்கன்று. பூச்சியும் ஈரமும் அண்டாதிருத்தற்பொருட்டு. வண்டியச்சுக்கு ஆமணக்கெண்ணெய் இட்டது உராய்வு தணிதற்பொருட்டு. வெயிலும் காற்றும் படும் வாயிற்கதவில் ஆண்டுக்கொருமுறை சிறிதளவு தேய்த்த எண்ணெய் ஒருவாறு உறிஞ்சப்பட்டுப்போம். மேலும், வாயிற்கதவின்மேல் யாரும் வெள்ளை வேட்டியோடு உட்காருவதில்லை. செட்டிநாட்டு மாளிகைகளின் பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டி வாதிப்போரும் உளர். தேக்கு தன்னுள்ளேயே நெய்ப்பொருளும் பூச்சியை விலக்கும் பொருளும் உடையது. அத்தூண்கள் நின்றமைக்குரிய பெருமையை மேலே தடவிய எண்ணெய்க்குக் கொடுத்தல், மகன் தேர்ச்சிக்குப் பேனாவைப் பாராட்டுதல் போலாம். அத்தகைய தேக்கு இன்று எளிதிற் கிடைப்பதுமில்லை. நம் சமவெளித் தச்சர் கையிலிருப்பவை வாகையும், வேம்பும், மாவும், பூவரசும், கருவேலும், தோட்டத் தேக்குமே.

உலரும் எண்ணெயை மேல்நாட்டார் கண்டுபிடித்ததாகச் சிலர் கருதுவர். அதுவும் சரியன்று. ஆப்கானிஸ்தானத்தில் பாமியான் குகைகளில் ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த சுவரோவியங்கள் சிலவற்றில் உலரும் எண்ணெய் கலந்திருத்தலை ஆராய்ச்சியாளர் 2008-இல் வெளியிட்டனர். ஐரோப்பாவில் எண்ணெய் ஓவியம் தழைப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னரே ஆசியக் கண்டத்தில் இவ்வறிவு இருந்தது என்பது இதனாற் போதரும். சீனர் தங்கள் நாட்டுத் துங்கு மரத்தின் கொட்டையினின்று எடுக்கும் எண்ணெயும் உலர்வதே. படகுக்கும் மரச்சாமானுக்கும் அதனை நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றனர்.

நமக்கு எளிதிற் கிடைப்பது ஆளிவிதை எண்ணெய். ஆளி என்றவுடன் கோயிற்றூணில் நிற்கும் யாளியை நினைக்கவேண்டா. இது சிறு செடி. வடநாட்டார் அலசி என்பர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் முதலிய பகுதிகளில் குளிர்காலப் பயிராக விளைவது. கடையில் இதனைப் பச்சையெண்ணெய் என்றும், காய்ச்சிய எண்ணெய் என்றும் இருவகையாகத் தருவர். பின்னதை நம் தச்சர் ‘டபுள் பாயில்ட்’ என்றே அழைக்கின்றனர். பச்சையெண்ணெய் மரத்தின்மேல் உலர்தற்கு வாரக்கணக்கில் ஆகும். காய்ச்சிய எண்ணெய் மெல்லிய பூச்சாயின் ஓரிரு நாளில் உலரும். அதற்குக் காரணம் காய்ச்சுதல் மட்டுமன்று. விரைந்து உலரச் செய்யும் உலோக உப்புக்களை அதிற் கலப்பதே. முற்காலத்தில் ஈயம் கலந்தனர். இக்காலத்தில் கோபால்ட்டு, மாங்கனீசு முதலியன கலக்கின்றனர். ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கேடு. வீட்டுப் பூச்சுக்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாதென்று 2016-இல் இந்திய அரசாங்கம் விதி செய்து, 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே தொட்டிலுக்கும், நடைவண்டிக்கும், மரப்பொம்மைக்கும் பெயர் தெரியாத டப்பாவைத் தொடாதிருத்தல் நன்று. அவற்றிற்கு உலோகம் கலவாத பச்சை ஆளியெண்ணெயைப் பூசி, மாதமொன்று காத்திருத்தலே தக்கது. அகப்பை, மத்து, இடியாப்ப உரல் இவற்றிற்குத் தேங்காயெண்ணெயே போதும்; அவை நாள்தோறும் கழுவப்படுவன.

ஆளியெண்ணெயோடு மலிவான கனிம எண்ணெயைக் கலந்து விற்பாரும் உண்டு. அக்கலப்பு ஒருநாளும் உலராது; பழியோ தச்சரையே சேரும். இதனைக் கண்டறிதற்குப் பரிசோதனைச் சாலை வேண்டுவதில்லை. உடைந்த கண்ணாடித் துண்டொன்றைச் சுத்தமாகத் துடைத்து, எண்ணெயில் ஒரு துளியை விரலால் மெல்லிதாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். காய்ச்சிய எண்ணெயாயின் இரண்டு மூன்று நாளிலும், பச்சையெண்ணெயாயின் ஒரு வாரத்திலோ சற்றுப் பின்னரோ, விரலில் ஒட்டாத தோலாகிவிடும். பதினைந்து நாளாகியும் விரல் வழுக்குமாயின், அதனை வாங்கிய கடைக்கே திருப்பிவிடுக. ஒவ்வொரு புதிய டப்பாவிற்கும் இச்சோதனையைச் செய்தபின்னரே மரத்தைத் தொடுதல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. “வாடிக்கைக்காரர் அவசரப்படுகின்றார்” என்பீர்கள். அவர் வேட்டி ஒட்டியபின்னர் இன்னும் அவசரப்படுவார்.

இனிப் பூசும் முறை. எந்தையார் கொட்டகையிற் கண்டதும், பின்னர்ப் பலரிடம் கேட்டறிந்ததும் ஒன்றே: குறைவாகப் பூசு, முழுதும் துடை. இழைத்த மரத்தை உப்புத்தாளால் இழையோட்டத்தின் போக்கிலே தேய்த்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழுந்த நார் உலர்ந்தபின் மீண்டும் நயமான தாளால் தேய்த்தல் வேண்டும். முதற்பூச்சிற்கு எண்ணெயோடு ஏறக்குறைய சம அளவு டர்பன்டைன் கலந்தால், அது நீர்த்து மரத்தினுள் ஆழ இறங்கும். துணியால் தாராளமாகத் தேய்த்து, கால்மணி முதல் அரைமணி நேரம் விட்டு, மரம் குடியாமல் மேலே நின்றதனை ஒரு சொட்டுமின்றித் துடைத்துவிடவேண்டும். இந்தத் துடைப்பிலேதான் வேலை முழுதும் இருக்கின்றது. கனமாக விட்டால், மேற்புறம் காற்றை முதலில் உண்டு தோலாகிக் கீழ்ப்புறத்திற்குக் காற்றை மறைக்கும். உள்ளே எண்ணெய் பச்சையாகவே நிற்க, மேலே சுருக்கம் விழும். நல்ல எண்ணெயும் பிசுபிசுப்பது இவ்வாற்றான். ஒரு நாளோ இரண்டு நாளோ உலரவிட்டு, அடுத்த பூச்சுக்கு டர்பன்டைனைக் குறைத்து, இவ்வாறு மூன்று நான்கு முறை செய்தபின், விரும்பினால் தேன்மெழுகைச் சிறிது டர்பன்டைனிற் கரைத்துத் தேய்த்து மெருகிடலாம்.

மரந்தோறும் சில வேறுபாடுகள் உண்டு. தேக்கிலும் தோதகத்தியிலும் இயற்கை நெய்ப்பொருள் ஆளியெண்ணெய் உலர்வதைத் தடுக்கும். பூசுவதற்குச் சற்று முன்னர் ஸ்பிரிட்டு நனைத்த துணியால் மேற்புறத்தைத் துடைத்துக்கொள்ளவேண்டும். மாமரம் வெளிறியது, ஆளியெண்ணெய் நாட்பட மஞ்சளித்துக் கருமையடையும் இயல்பினதாகலின், மாவின் வெண்மையை விரும்புவோர் இதனை விரும்பார். பூவரசின் வைரத்திற்கு இவ்வெண்ணெய்போல் அழகு தருவது வேறில்லை. அதன் கருஞ்சிவப்பும் வரிகளும் அப்போதுதான் கண்விழித்தாற்போல் தோன்றும். கருவேலில் துவர்ப்பொருள் மிகுதி. நம் ஊர்த் தோல்சாவடிகளில் ஆவாரம்பட்டையின் துவரைக்கொண்டு தோல் பதனிட்டதை அறிவீர்கள். அவ்வினத் துவர் இரும்போடு சேர்ந்தால் மைபோற் கறுக்கும். ஆகையால் கருவேலை இரும்புப் பஞ்சினால் தேய்த்து, அதன் துணுக்கு ஒன்று மரத்தில் தங்கிவிடினும், மழைக்காலத்தில் அவ்விடம் கரும்புள்ளியாகிவிடும். திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதே. அப்புகழ்வாய்ந்த பூட்டைப் பூட்டும் கதவு கருவேலாயின், ஆணியைச் சுற்றிக் கறுத்திருப்பதற்கும் காரணம் இதுவே.

காலமும் பார்க்கவேண்டும். பழனிமலைக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட நம் சமவெளியில் மாசி, பங்குனி மாதங்கள் இவ்வேலைக்கு மிக உகந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரம் உலர்வைத் தாமதப்படுத்தும். முற்றும் உலராத ஆளியெண்ணெயின்மேற் பூஞ்சையும் படரும். ஆடிக்காற்றோ தூசியைக் கொணர்ந்து ஈரப்பூச்சின்மேல் விதைக்கும். அக்காலத்தில் வெளித்திண்ணையில் வைத்துப் பூசுவது வீண்.

கடலையெண்ணெய் பூசிக் கெட்ட சாமானுக்குப் பரிகாரம் உண்டா? உண்டு, பொறுமை வேண்டும். டர்பன்டைன் நனைத்த துணியாற் பலமுறை துடைத்து, உலர்ந்த மரத்தூளைத் தூவித் தேய்த்து எடுத்து, சில நாள் காற்றாடவிட்டு, உப்புத்தாளிட்டு, பின்னர் மேற்சொன்ன கண்ணாடிச் சோதனைபோல மரத்தின் அடிப்பக்கத்தில் ஓரிடத்திற் பூசிப் பார்த்துத் தொடங்கவேண்டும். அந்த ஆறு நாற்காலிகளும் இம்முறையால் திருந்தின. நிறுத்திய கூலியில் ஒரு பகுதி வந்தது. கடைவீதியிற் சொன்ன சொல் திரும்பி வரவில்லை.

எல்லாவற்றிற்கும் எண்ணெய் மெருகே சிறந்ததென்று யான் வாதிக்கவில்லை. சுடுகலமும் ஈரக்குவளையும் வைக்கும் உணவு மேசைக்கு அது போதாது; வட்டவட்டமாகத் தடம் விழும். அங்கே பாலியூரிதேன் வார்னிஷே தக்கது. அரக்கை ஸ்பிரிட்டிற் கரைத்துப் பஞ்சுப்பொதியால் ஏற்றும் பாலிஷ் பார்வைக்கு இனிது. ஆயின் அதுவும் வெப்பம் தாங்காது. எண்ணெய் மெருகின் சிறப்பு வேறு. வார்னிஷ் உரிந்தால் முழுதும் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டும். எண்ணெய் மெருகு மங்கினால் வீட்டிலுள்ள அம்மையாரே ஒரு துணியைக்கொண்டு அவ்விடத்திற்கு மட்டும் மீண்டும் பூசிக்கொள்ளலாம். ஊஞ்சற்பலகை, கைப்பெட்டி, எழுத்துமேசை, கட்டிற்சட்டம் ஆகியவற்றிற்கு இதனினும் பொருந்துவது யான் அறிந்தவரையில் இல்லை. முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயையும் சிலர் சொல்வர். கரையான் அண்டாதிருக்க அது மிக வல்லது; படகுகளுக்குப் பூசுவர். ஆயின் அது சேங்கொட்டையின் இனத்தைச் சார்ந்தது. பச்சையாக உடம்பிற் பட்டாற் கொப்புளிக்கும். மண்ணிற் புதையும் கம்பத்திற்கு ஆகும். கைபடும் பொருளுக்கு ஆகாது.

முன்னர்ச் சொல்லாது நிறுத்திய வெப்பத்திற்கு இப்போது வருகின்றேன். இங்கே அமர்ந்துள்ள தச்சர்கள் ஏனையவற்றை மறந்தாலும் இதனை மறவாதிருக்க வேண்டுகின்றேன். ஆளியெண்ணெய் துடைத்த துணியை விரித்துப் போட்டால், பிறக்கும் வெப்பம் காற்றோடு போய்விடும். அதனையே சுருட்டி மூலையில் எறிந்தால், காற்று உட்புகுந்து எண்ணெயை உலர்த்த, வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே ஏறி, சில மணி நேரத்தில் துணி தானே தீப்பற்றும். தீக்குச்சி வேண்டா, பீடித்துண்டு வேண்டா. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 38 மாடிக் கட்டடமொன்றில், மரப்பலகைகளுக்கு மெருகிட்டோர் விட்டுச்சென்ற ஆளியெண்ணெய்த் துணிகளிலிருந்து 1991 பிப்ரவரி 23-ஆம் நாளிரவு 22-ஆம் மாடியில் தீ எழுந்தது. மூன்று தீயணைப்பு வீரர் மாண்டனர். 30-ஆம் மாடியில் தானே நீர் தெளிக்கும் குழாய்கள் இருந்தமையால் மட்டுமே அத்தீ அங்கே நின்றது. நம் கொட்டகைகளில் அத்தகைய குழாய் ஏது? காலடியில் முழங்கால் அளவு மரச்சுருள், மேலே கீற்று, ஓரத்தில் டர்பன்டைன் டப்பா. இரவில் அங்கேயே படுத்துறங்கும் பையன்களும் உண்டு. பகலில் வேலை முடிந்து விளக்கணைத்துச் சென்றபின் நள்ளிரவில் எரிந்த கொட்டகைகளுக்குப் பகைவரையும் மின்கம்பியையும் காரணமாகச் சொல்வது நம் வழக்கம். அவற்றுள் சிலவற்றிற்கேனும் மூலையிற் கிடந்த ஒரு கந்தலே காரணமாயிருத்தல் கூடும்.

ஆகவே பழைய தகரவாளி ஒன்றில் நீர் நிரப்பிக் கொட்டகை வாயிலில் வையுங்கள். எண்ணெய்த் துணி ஒவ்வொன்றும் அன்று மாலையே அதனுள் முழுதும் அமிழவேண்டும். அல்லது வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்தி, விறைத்தபின் அப்புறப்படுத்தவேண்டும். சட்டைப்பையிலும், கருவிப்பெட்டியிலும், குப்பைக்கூடையிலும் வைத்தலாகாது. வீட்டிலே தாமே பூசிக்கொள்ளும் அம்மையார்க்கும் இதனைச் சொல்லிக்கொடுத்தபின்னரே எண்ணெயைக் கொடுங்கள்.

கண்ணாடித் துண்டுகள் பத்து யான் கொண்டுவந்திருக்கின்றேன், மேசைமேல் உள்ளன. தம் கொட்டகையிலுள்ள எண்ணெயைச் சோதிக்க விரும்புவோர் ஒவ்வொன்று எடுத்துச் சென்று, துளியிட்ட தேதியையும் கடையில் வாங்கிய விலையையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொண்டுவருவாராக. எது உலர்ந்தது, எது உலரவில்லை என்பதை அன்று எல்லோருமாக விரல்வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.